பீப்பாய்க்குள் ஒரு வெள்ளை ஏடு

கனகாக்காவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்களை ஏற்றி வரும் ஓட்டல் பஸ்ஸில் எல்லாரும் வாயைப் பிளந்து தூங்குவார்கள். அவர் மட்டும் முன் சீட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பார். அது அழுக்காக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சீட்டு முடிந்தால் ஜன்னல். ஜன்னலும் முடிந்தால் பக்கத்தில் இருப்பவர் சட்டையில் நூல் தொங்குகிறதா என்று பார்ப்பார். பெரும்பாலும் பக்கத்தில் நான்தான் இருப்பேன். அதனால் எங்கள் ஓட்டலிலேயே நூல் தொங்காத சட்டை போட்டவன் நான் ஒருவன்தான்.

அவருக்குச் சாத்தூர் பக்கம். நான் தூத்துக்குடி, பெயர் ஜெயசீலன். துபாயில் ஒரு பெரிய ஓட்டலின் இரண்டாம் மாடியில் ஸ்பெயின் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே நான் பார் சூப்பர்வைசர். கனகாக்கா அதே கடையின் கிச்சனில் பாத்திரமும் தரையும் பார்ப்பவர். என்னைவிட மூத்தவர் என்பதால் என்னைத் தம்பி என்பார். மேனேஜர் யாராவது பக்கத்தில் நின்றால் மட்டும் 'சார்' என்பார். அந்த 'சார்' எனக்கு எப்போதும் கிண்டலாகவே கேட்கும்.

அவர் ரூம் ஜன்னலோரத்தில் ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக நிற்கும். நார்த்தங்காய், மாவடு, எலுமிச்சை. எங்கள் கேம்ப்பில் பிலிப்பைன்ஸ் பெண்கள்கூட அந்த நார்த்தங்காய்க்கு அடிமை. வாரம் ஒருமுறை ஜாடிகளைத் திறந்து பார்ப்பார். மேலே வெள்ளையாக ஏதாவது படர்ந்திருந்தால் ஈரமில்லாத கரண்டியால் வழித்தெடுத்து, ஜாடியின் கழுத்தைத் துணியால் துடைத்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து மேலே நிற்கும்படி ஊற்றுவார்.

"பூத்ததை உடனே எடுத்துப்புடணும் தம்பி. ஒருநா அசந்தா மொத்தமும் போச்சு" என்பார்.

மகளையும் அவர் அப்படித்தான் வளர்த்தார், போனில். கணவர் லாரி விபத்தில் போனபோது ஷ்ருதிக்கு எட்டு வயது. நாத்தனார் சுசீலா வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏறியவர், ஒன்பது வருஷமாகத் தினமும் வீடியோவில் மகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தலையில எண்ணெயே இல்லையேடி." "பின்னாடி சுவத்துல என்ன கறை?" "யார் கூடப் பேசிட்டு வந்த, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் எனக்கே மூச்சு முட்டும். அந்தப் பிள்ளை 'ம்' என்று மட்டும் சொல்லும்.

ஷ்ருதியைப் பற்றி அக்காவுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவளுக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாதாம். இரண்டு சுடிதார் படம் அனுப்பி எது வேண்டும் என்று கேட்டால், "நீயே சொல்லும்மா" என்பாள். பிறந்தநாளுக்கு எந்த கேக் என்றாலும் அதே பதில்தான். சின்ன வயதில் அப்படி இல்லை, தான் துபாய்க்கு வந்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டாள் என்று அக்கா சொல்வார். சொல்லிவிட்டு ஜன்னலைத் துடைப்பார்.

இப்போது அந்தப் பீப்பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையை நடத்துகிற இனேஸ் ஸ்பெயின்காரப் பெண், ஐம்பதை ஒட்டிய வயது. தன் ஊரிலிருந்து ஒரு சிறிய மரப்பீப்பாயைக் கொண்டுவந்து, பாருக்குப் பின்னால் உள்ள குளிர் அறையில் படுக்கை வசத்தில் வைத்திருந்தாள். பீப்பாயின் முகத்தில் பலகைக்குப் பதில் கண்ணாடி. மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு மூடி. உள்ளே ஷெர்ரி. திராட்சை வைனில் கொஞ்சம் சாராயம் சேர்த்து வலுவேற்றி, வருஷக்கணக்கில் மரத்தில் கிடக்கவிடுவது அது. எனக்கு வைன் என்றால் பூசையில் சாமியார் குடிப்பதைத் தூர நின்று பார்த்ததோடு சரி. இங்கே வந்துதான் எல்லாம் படித்தேன்.

பீப்பாயை அவள் முழுக்க நிரப்பவில்லை. ஆறில் ஒரு பங்கு காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்துக்கும் வைனுக்கும் நடுவே, காய்ச்சிய பாலில் படிவதுபோல, ஒரு வெள்ளை ஏடு படர்ந்திருக்கும். அது உயிருள்ள ஈஸ்ட். நம் இட்லி மாவைப் பொங்கவைக்கும் கூட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம். பொதுவாக ஈஸ்ட் வேலை முடிந்ததும் அடியில் போய்ச் செத்துக் கிடக்கும். இது மட்டும் மேலே வந்து மிதந்து, கைகோத்து, ஒரே போர்வையாகிவிடும். காற்றை வைனிடம் போகவிடாது. அதனால்தான் வைன் வெளிறிய வைக்கோல் நிறத்திலேயே நிற்கிறது. பதிலுக்கு ஏடு வைனில் இருக்கும் சாராயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, பச்சை ஆப்பிளும் புளித்த மாவும் கலந்தாற்போல ஒரு வாசத்தை அதற்குக் கொடுக்கிறது. சாராயம் கூடினால் ஏடு செத்துவிடும். அறை சூடானால் மெலிந்துவிடும். ஆட்டினால் உடைந்து மூழ்கும்.

வேலை இல்லாத மத்தியான நேரங்களில் நான் அந்த அறையில் போய் உட்கார்வேன். வெளியே ஜூன் மாதத்துத் துபாய், வானமும் கடலும் கட்டடமும் ஒரே வெள்ளைப் புழுக்கத்தில் கரைந்து கிடக்கும். உள்ளே மங்கலான மஞ்சள் விளக்கு, ஈரச் சாக்கு விரித்த தரை, அந்தக் கண்ணாடி. ஏட்டின் அடிப்பக்கத்திலிருந்து எப்போதாவது ஒரு துணுக்கு கழன்று, அவசரமே இல்லாமல், வைனுக்குள் இறங்கும். அது அடியைத் தொடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊர், கேம்ப், விசா எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி இருக்கும்.

அந்த ஜூனில் இனேஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். ஷ்ருதிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, சென்னையில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. அவளாகவே விண்ணப்பித்து, அவளாகவே தேர்ந்தெடுத்த இடம். ஹாஸ்டலில் தங்க வேண்டும். கனகாக்கா முடியாது என்றார். மதுரையில் படி, அத்தை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வா, சென்னையில் உன்னை யார் பார்ப்பார்கள் என்றார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அந்தப் பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டது.

"நீ மட்டும் என்னைய விட்டுட்டுப் போகலாம். நான் போகக்கூடாதாம்மா?"

அதோடு போன் நின்றது. அக்கா திரும்பக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. பஸ் ஓட்டல் வாசலில் நிற்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று அவர் கிச்சனை அடித்துத் துவைத்தார். அடுப்புக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு அடியில், யாரும் எட்டிப்பார்க்காத மூலையெல்லாம். பிறகு குளிர் அறைக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அதற்கு முன் அந்த அறை வேலை அவருடையது அல்ல. அதைச் செய்கிற ஆள் அன்று லீவு. பீப்பாயின் கண்ணாடியை வெளியே துடைத்தவர் உள்ளே பார்த்தார். வெள்ளையாக, தடிமனாக, சுருக்கம் சுருக்கமாகப் பூத்திருந்தது. மேல்மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். புளித்த வாசம்.

அய்யோ, அந்தம்மா இல்லாத நேரத்தில் யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்களே என்று அவருக்கு உண்மையாகவே பரிதாபமாக இருந்திருக்கிறது. ஈரமில்லாத கரண்டி எடுத்தார். வெந்நீரில் அலசிக் காயவைத்த மல்துணி எடுத்தார். சொந்த ஜாடிக்குச் செய்வதைவிடப் பொறுமையாக, சுவரோரத்தில் ஒட்டியிருந்ததுகூட விடாமல் வழித்தெடுத்தார். நல்லெண்ணெய் மட்டும் ஊற்றவில்லை. ஸ்பெயின்காரர்கள் கிச்சனில் நல்லெண்ணெய் இல்லை என்பதுதான் காரணம்.

வழித்ததைக் கழுவுதொட்டியில் கொட்டவில்லை. எங்கள் பாரில் ஒரு விதி உண்டு. வீணாகிற மது ஒரு சொட்டானாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அதனால் ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் நல்ல காரியம் செய்த நிம்மதி.

"பூத்துப் போயிருந்துச்சு தம்பி. நல்லவேளை பாத்தேன். சுத்தமா எடுத்துட்டேன்."

ஜாடியில் வெள்ளை ஏடு கிழிந்து மிதந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வைன் கண்ணாடிக்குள் மொட்டையாக, பளபளவென்று கிடந்தது. நான் கெட்டவன் இல்லை, ஆனால் கோபம் வந்தால் என் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் கதவு கிடையாது.

"என்னக்கா செஞ்சு வச்சிருக்கீய! அது அழுக்கா? அதுதான் இதுக்கு உசுரு! உங்களுக்குத் தொடாம ஒரு பொருளைப் பார்க்கவே தெரியாதா? பெத்த பிள்ளையையும் இப்படிச் சொரண்டிச் சொரண்டித்தான்..."

மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியும் பயன் இல்லை. கேட்டுவிட்டார். ஜாடியை மேஜையில் வைத்தார். முதன்முறையாக அவர் கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

இனேஸுக்குப் போன் போட்டேன். மறைக்கிற விஷயமா இது?  அவள் முதலில் வழித்ததைக் கொட்டிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, ஜாடியில் இருக்கிறது என்றேன். 'கடவுளுக்கு நன்றி' என்று ஸ்பானிஷில் சொன்னாள், அது மட்டும் புரிந்தது. ஜாடியில் மிதப்பதை உடைக்காமல் ஒரு கரண்டியில் அள்ளி, வைனின் முகத்தில் வைத்து, கரண்டியை மெதுவாக அடியில் உருவிவிடு. அறை குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கட்டும். அதன் பிறகு யாரும் எதையும் செய்யாதீர்கள், ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் வேலை என்றாள். கனகாவை வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னாள். ஏடு மூடுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

நான் இதையெல்லாம் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். ஏடு என்பது ஊறுகாய் மேல் நிற்கிற நல்லெண்ணெய் மாதிரி, காற்றை அண்டவிடாது என்றதும் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"அப்ப நா எண்ணெயத்தான் வழிச்சு எடுத்திருக்கேனா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உறை ஊத்துனா தயிரு ஆகுதுல்ல, அப்படி இதுவும் வரும்ல தம்பி?" என்று கேட்டார்.

இனேஸ் சொன்னபடி அவரே கரண்டியில் அள்ளி வைத்தார். கிழிந்த ஏட்டுத் துணுக்குகள் நாலைந்து வைன்மேல் இறங்கி, தயங்கி, மிதந்தன. மீதி மூழ்கிவிட்டன.

மூடியைப் போட்டுவிட்டு அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று கைகூப்பினார். மதுப் பீப்பாயைக் கும்பிடுகிறவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. என்னக்கா வேண்டுதலா என்றேன்.

"பூக்கட்டிப் பாக்கேன்" என்றார்.

இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று மனசு தடுமாறினால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்தபடி வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அம்மன் உத்தரவு, அதற்கு மேல் பேச்சில்லை.

"துபாய்க்கு வர்றதுக்கு முந்தியும் காளியம்மன் கோயில்ல கட்டிப் பாத்தேன் தம்பி. ஷ்ருதிதான் எடுத்தா. வெள்ளை வந்துச்சு, வந்துட்டேன். இப்ப இதுதான் பூவு. காலேசுல சேரக் கெளம்புற கடேசி நாளுக்குள்ள இந்த வெள்ளை முழுசா மூடிருச்சுன்னா பிள்ளைய அனுப்புறேன். மூடலைன்னா ஆத்தா வேண்டாங்குறான்னு அர்த்தம்."

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் படிப்பை ஈஸ்ட்டிடம் விடுவதா? சொல்லியும் பார்த்தேன். "நீங்க மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துக்கிறது மட்டும் என்னவாம்" என்று கேட்டார். 

பிறகு காத்திருப்பு.

இப்போது நினைத்தால் அந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது முன்னே எது பின்னே என்று பிரிக்கமுடியாமல் கிடக்கின்றன. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். அதைத் துடைத்துக்கொண்டே இருவரும் குளிர் அறைக்குப் போவோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. துணுக்குகள் அதே இடத்தில் கிடந்தன. பிறகு ஒருநாள், ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் பவுடர் போட்டதுபோல லேசான வெள்ளை. அடுத்தடுத்து அவை சிறு சிறு தீவுகளாயின. நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சாய்த்து, விளக்கு வெளிச்சம் வைன்மேல் வழுக்கும் கோணத்தில் பார்த்தால், தீவுகளுக்கு நடுவே மெல்லிய நரம்புகள் ஓடியிருக்கும். மறுநாள் அந்த நரம்பு பாலமாகியிருக்கும்.

கனகாக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கண்ணாடியில் அவர் மூச்சு படிந்து வட்டமாக மங்கும். அதைக்கூடத் துடைக்கமாட்டார். அதுவாக மறையும்வரை காத்திருந்து, மறுபடி பார்ப்பார்.

"இதுக்குள்ள நடந்து போற மாதிரி கனவு கண்டேன் தம்பி" என்றார் ஒருநாள். "மேல வெள்ளையா ஒரு கூரை. கீழ மஞ்சத் தண்ணி. சத்தமே இல்லை. ஷ்ருதி சின்னப் பிள்ளையா முன்னாடி போறா. காலைத் தூக்கி வைடீன்னு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா கூரை ஒடைஞ்சிரும்னு பேசாம நடந்தேன். அவ பாட்டுக்குப் போறா, நா பாட்டுக்குப் பின்னாடி போறேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

அந்தக் கனவைக் கேட்ட பிறகு என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினேன். பதறாத காரியம் சிதறாது என்று அம்மா சொல்வாள். கேட்டபோதெல்லாம் எரிச்சலாக வரும் அந்தப் பழமொழி, அந்த அறையில் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது.

ஷ்ருதி போனை எடுக்கவே இல்லை. சாப்பிட்டாயா என்று அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். சுசீலா மட்டும் பேசுவார், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள் என்பார். அந்தப் பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் சுருங்கும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலை இனேஸ் திரும்பி வந்தாள். பெட்டியைக்கூட வைக்காமல் குளிர் அறைக்குப் போனாள். ஏட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி இருந்தது. மேல்மூடியைத் திறந்து, நீளக் காம்புக் கிண்ணத்தை அந்த ஓட்டை வழியாக இறக்கி, ஏட்டில் படாமல் வைனை எடுத்தாள். விளக்குக்கு நேரே பிடித்தாள். மோந்தாள். ஒரு வாய் குடித்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

உயிரோடு இருக்கிறது, நாளைக்குள் மூடிவிடும் என்றாள். ஆனால் நிறம் ஒரு படி இறங்கிப் பழுப்பேறியிருக்கிறது, பார். மூடாமல் கிடந்த நாட்களில் பட்ட காற்று அது. இனி எவ்வளவு நல்ல ஏடு வந்தாலும் அந்த நிறம் திரும்பாது. பரவாயில்லை, கெட்டுப்போகவில்லை, வேறு மாதிரி ஆகியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவள் கனகாக்காவின் தோளில் தட்டினாள்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா பாதிதான் கேட்டார்.

"நாளைக்கு மூடிருமாமா?" என்று மட்டும் கேட்டார். சந்தோஷமாகக் கேட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஓட்டலில் இறங்கியதும் எனக்கு முன்னால் போய்விட்டார். நான் பாரைத் திறந்துவிட்டுக் குளிர் அறைக்குப் போனபோது மேல்மூடி திறந்திருந்தது. கனகாக்கா பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் கரண்டி.

கண்ணாடியில் பார்த்தேன். மூடிவிட்டது. ஓட்டை இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வெள்ளை, புதுசு, இன்னும் சுருக்கம்கூட விழவில்லை.

"அக்கா" என்றேன். 

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு ஓட்டை போதும் தம்பி" என்றார். "விரல் அளவு. ராத்திரிக்குள்ள மறுபடி அடைஞ்சுக்கிரும். பீப்பாய்க்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இன்னைக்கு மூடலைன்னு நா சொல்லிக்கலாம்ல."

கரண்டியின் நுனி ஏட்டுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாய்ந்து பிடுங்கத் தோன்றியது. பாய்ந்தால் கை இடித்து ஏடு உடையும். ஒன்றும் செய்யாமல் நின்றேன். அதைவிடக் கஷ்டமான வேலை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றார் மெதுவாக. "காளியம்மன் கோயில்ல. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் கட்டுனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"சிவப்பு வந்துருமோன்னு பயம். வந்தா போக முடியாது. போகலைன்னா அவளைப் படிக்கவைக்க வழி இல்ல. அதான் ரெண்டுலயும் வெள்ளை. அவ ஓடிப்போய் ஒண்ண எடுத்துட்டு வந்து, 'வெள்ளைம்மா வெள்ளை'ன்னு குதிச்சா. என்னன்னு தெரியாமயே குதிச்சா. நா கெளம்புற அன்னைக்குத்தான் அந்த வெள்ளைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அன்னையிலேருந்து எதையும் எடுக்க மாட்டேங்குறா தம்பி. ரெண்டு துணி காட்டுனாக்கூட எடுக்க மாட்டேங்குறா. தான் எடுத்ததுனாலதான் அம்மா போயிட்டான்னு..."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், எனக்கு வெட்கமில்லை.

"இத என்கிட்ட ஏன் சொல்லுதீய?" என்று கத்தினேன். "சாத்தூர்ல இருக்கவகிட்டச் சொல்லணும். ஒன்பது வருசமா எண்ணெய் வை, பொட்டு வைன்னு ஆயிரம் சொன்னீயளே, இந்த ஒண்ணச் சொல்லலையே!"

கரண்டி மெல்ல மேலே வந்தது. ஒரு துளியும் சொட்டவில்லை, காய்ந்த கரண்டி. அதை என் கையில் கொடுத்துவிட்டு, மூடியைச் சத்தமில்லாமல் போட்டார். போனை எடுத்துக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. பட்டனை அழுத்திக்கொண்டு குரல் செய்தியாகப் பேசினார், பீப்பாயைப் பார்த்தபடியே.

"ஷ்ருதி, அம்மா பேசுறேன். திட்டப் போறதில்ல. அன்னைக்குக் கோயில்ல நீ எடுத்தியே, அந்தப் பொட்டலம். இன்னொண்ணுலயும் வெள்ளைதான்டி இருந்துச்சு. நாந்தான் ரெண்டுலயும் வெள்ளை வச்சேன். நீ எத எடுத்திருந்தாலும் நா வந்திருப்பேன். உன் கை ஒரு தப்பும் பண்ணல தாயி. இத நா அன்னைக்கே சொல்லியிருக்கணும். காலேசு நீ எடுத்தது. நல்லாத்தான் எடுத்திருக்க. அம்புட்டுதான்."

விரலை எடுத்தார். செய்தி போய்ச் சேர்ந்த குறி விழுந்தது. கேட்டுவிட்ட குறியும் விழுந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. குளிர் எந்திரத்தின் சத்தம் மட்டும். நாங்கள் இருவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏட்டைப் பார்த்து நின்றோம். அடியில் ஒரு துணுக்கு கழன்று இறங்கத் தொடங்கியது.

அது பாதி வழி போயிருக்கும். போன் அடித்தது. வீடியோ.

அக்கா பீப்பாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பிப் போனை எடுத்தார். ஷ்ருதியின் முகம் தெரிந்தது. தலையில் எண்ணெய் இல்லை. முடி விரிந்து கிடந்தது. பின்னால் சுவரில் அந்தப் பழைய கறை. பக்கத்தில் பெட்டி. கனகாக்காவின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டுலயும் வெள்ளையாம்மா?"

"ஆமா."

"நிசமாவா?"

"காளியம்மா மேல சத்தியம்."

அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். ஏதோ அதில் எழுதியிருந்து இப்போது அழிந்துவிட்டதுபோலப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னாடி என்னம்மா அது, வெள்ளையா?"

அக்கா போனைத் திருப்பிக் கண்ணாடிக்கு அருகே பிடித்தார். ஏடு திரையில் நிறைந்தது. அதற்குக் கீழே, ஒரு படி நிறம் இறங்கிய வைன், விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் நின்றது.

"அழகா இருக்கும்மா" என்றாள் ஷ்ருதி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாயங்காலம் ஆறு மணிக்கு ரயிலு. நான் போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கனகாக்கா வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடைசிவரை வெளியே வரவில்லையாம். போயிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். இதை அவர் என்னிடம் பிறகுதான் சொன்னார்.

"போயிட்டு வா தாயி" என்றார் கனகாக்கா.

போனை வைத்த பிறகும் அவர் கண்ணாடியில் படிந்திருந்த தன் மூச்சு மறையும்வரை நின்றார். நான் கரண்டியைக் கழுவி அதன் இடத்தில் மாட்டினேன்.